அகத்தியமலைப் பகுதியில் குடிநீங்கிய ஊர்கள்: பெயரும் வரலாறும்

தமிழில் ‘ஊர்’ என்னும் சொல் மக்கள் கூடி வாழும் இடத்தை மட்டும் சுட்டுவதன்று. எல்லை, நீர்நிலை, நத்தம், விளைநிலம், கோயில், சுடுகாடு ஆகிய அனைத்தும் சேர்ந்த ஓர் அமைப்பை அது சுட்டும். ஆகவே மக்கள் நீங்கிய பின்னும் ஊர் ஒரே நாளில் இல்லாமற் போவதில்லை. ‘நத்தமேடு’ என்று உழவர் சுட்டும் மேட்டில் தொல்லியலார் பானையோடுகளைத் தேடுவது வழக்கம். வீடு ஒன்றும் இல்லாத அவ்விடம் முன்னொரு காலத்து வாழ்விடம் என்பதை நத்தம் என்ற சொல்லே காட்டிக்கொடுக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் நிலக்கொடையைக் குறிக்கும்போது, அந்நிலத்தில் ஏற்கெனவே இருந்த குடிகள் தொடர்வரா, நீக்கப்படுவரா என்பதையும் உடன் குறித்தன. ‘குடிநீங்காத் தேவதானம்’, ‘குடிநீக்கி’ என்னும் தொடர்கள் அவ்வாறு தோன்றியவை. குடி நீங்குதல் ஆவணத்தில் எழுதப்பட வேண்டிய செய்தி என்று அக்காலத்தார் கருதினர் எனலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் தோன்றி மறைந்த குடியிருப்புகளுக்கு இந்த நிலை வாய்க்கவில்லை. திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே, கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையாக நிற்கும் அகத்தியமலையின் இருபுறத்திலும் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து பல குடியிருப்புகள் இருந்தன. மூன்று, நான்கு தலைமுறை மக்கள் அங்கே பிறந்து வாழ்ந்து மறைந்தனர். ஆயினும் அவை ஆவணங்களில் ஊர் என்ற தகுதியைப் பெறவில்லை. தோட்டத்தின் பெயர் பதிவாயிற்று. அதன் பரப்பும் குத்தகைக் காலமும் பதிவாயின. குடியிருந்தோர் தம் இடங்களுக்கு இட்ட பெயர்கள் பேச்சில் மட்டும் வாழ்ந்தன. பேசுவோர் மலையிறங்கிய பின் அப்பெயர்களின் நிலை என்ன என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள்.

காணியும் தரிசும்

அகத்தியமலை 1868 மீட்டர் உயரமுடையது. சங்க நூல்கள் பொதியில் என்று குறிப்பிடுவதும் ஆய் மரபினரோடு தொடர்புபடுத்துவதும் இம்மலைப் பகுதியையே. இதன் இரு சரிவுகளிலும் தொன்றுதொட்டு வாழ்பவர் காணிக்காரர். இன்று அவர்கள் கேரளத்தில் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களிலும், தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் பிரிந்து வாழ்கின்றனர். அவர்கள் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கியது. மலம்பாஷை என்று அது வழங்கப்படுகிறது. மலையை ஊடறுத்துச் சென்ற அரசியல் எல்லையே அவர்களை இருவேறு அரசுகளின் குடிகளாக்கியது.

காணி என்பது தமிழில் பரம்பரை நிலவுரிமையைக் குறிக்கும் பழஞ்சொல். காணியாட்சி, காணிக்கடன் முதலியன அதன் வழி வந்தவை. காணிக்காரர் என்பதற்கு நிலத்தின் பரம்பரை உரிமையாளர் என்று 1909-இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன் பொருள் கூறுகிறார். பாண்டி நாட்டிலிருந்து அகத்தியமலையைக் கடந்து வந்த மலையரசர் இருவரின் வழியினர் தாம் என்னும் அவர்களது மரபுக் கதையையும் அவர் பதிவு செய்துள்ளார். பெயரில் உரிமை இருந்தது. ஆனால் பின்னாளில் வந்த வனச் சட்டங்களின் கண்ணில் அவர்கள் காட்டில் தங்க இசைவு பெற்றவர்களாக மட்டுமே தோன்றினர்.

காணிக்காரர் காட்டைத் திருத்திச் சில ஆண்டுகள் பயிரிட்டு, மண் வளம் குன்றியதும் வேறிடம் பெயர்ந்தனர். விட்டுச் சென்ற இடத்தில் காடு மீண்டும் வளர்ந்தது. ஆண்டுகள் கழித்து அங்கே திரும்பி வரவும் கூடும். அவர்களைப் பொறுத்தவரை இடத்தை விடுதல் வாழ்க்கை முறையின் ஒரு பகுதி. அழிவின் அறிகுறி அன்று. குடித்தலைவராகிய மூட்டுக்காணி, குடிகளைக் கூட்டும் விளிக்காணி, மருத்துவமும் மந்திரமும் அறிந்த பிலாத்தி ஆகியோர் குடியோடு பெயர்ந்தனர். அவர்களோடு இடங்களின் பெயரறிவும் பெயர்ந்தது. நில அளவையாளர் கண்ட போதோ, அவ்விடங்களில் ஆளில்லை. ஆளில்லாத இடம் தரிசு என்று எழுதப்பட்டது. அந்தத் தரிசே 1860-களில் காப்பிப் பயிரிட வந்த ஐரோப்பியருக்கு வழங்கப்பட்டது. திருவிதாங்கூரில் அப்பொழுது திவானாக இருந்தவர் மாதவராவ். மலைநிலம் அரசுக்கு வருவாய் தர வேண்டும் என்பது அந்நாளைய கொள்கை.

தோட்டங்களுக்கு முன்பே இம்மலையில் ஒரு குடியேற்றம் நிகழ்ந்து மறைந்தது. சுவாதித் திருநாள் 1837-இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்துக்கு 1852-இல் இயக்குநராக வந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் புரௌன். புவிக் காந்தப் புலம் உயரத்துக்கு ஏற்ப எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய, அவர் 1855-இல் அகத்தியமலை மீது ஏறத்தாழ 6200 அடி உயரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். காற்றும் மழையும் யானைகளும் மிகுந்த அவ்விடத்தில் ஆட்கள் தங்கி அளவீடு எடுத்தனர். புரௌன் 1865-இல் திருவனந்தபுரத்தை விட்டு நீங்கினார். மலைக்கூடம் காட்டோடு கலந்தது. ஆயினும் அங்கு எடுக்கப்பட்ட அளவீடுகள் 1874-இல் இலண்டனில் பெரிய நூலாக அச்சேறின. மலையில் கைவிடப்பட்ட இடங்களுள் அறிவுலகம் முழுமையாக அறிந்த ஒன்று இது. கருவிகளின் ஊசி அசைவுகூட எழுதப்பட்ட மலையில், பின்னர் வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளரின் வாழ்விடப் பெயர்கள் எழுதப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

போணக்காடு

அசம்பு மலைகள் என்று தோட்டக்காரர் அழைத்த இத்தென்பகுதியில் காப்பி நெடுங்காலம் நிற்கவில்லை. 1869-இல் இலங்கையில் அடையாளம் காணப்பட்ட இலைத்துரு நோய் 1870-களில் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. எஞ்சியவை தேயிலைக்கு மாறின. காடு திருத்தவும் கன்று நடவும் ஆட்கள் தேவைப்பட்ட அதே காலத்தில், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கிழக்குச் சமவெளியிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்களை மலைக்கு அழைத்துச் சென்றனர். பொன்முடி, போணக்காடு முதலிய தோட்டங்களின் தொழிலாளருள் தமிழர் மிகுந்திருந்ததற்கு இதுவே காரணம்.

நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், விதுரையைக் கடந்து அகத்தியமலை அடிவாரத்தில் உள்ளது போணக்காடு. இப்பெயரைக் கேட்கும் தமிழரோ மலையாளியோ இதனைக் காட்டைக் குறிக்கும் பெயர் என்றே கொள்வர். சுற்றிலும் காடு இருப்பதால் ஐயம் எழுவதில்லை. ஆனால் தாவரவியலார் தம் சேகரிப்புக் குறிப்புகளில் இவ்விடத்தை ‘போன் அக்கார்ட்’ என்று எழுதியிருப்பது பெயரின் தோற்றத்தைக் காட்டுகிறது. நல்லிணக்கம் எனப் பொருள்படும் இப்பிரெஞ்சுத் தொடர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரச் சின்னத்தில் உள்ள வாசகம். அருகிலுள்ள தோட்டப் பெயர்களும் இதற்கு அரண் செய்கின்றன. பொன்முடியில் உள்ள மெர்ச்சிஸ்டன் எடின்பரோ நகரின் ஒரு பகுதியின் பெயர். பாலோட்டை அடுத்த பிரைமூரின் முதற்பகுதியில் மலைச்சரிவைக் குறிக்கும் ஸ்காட்லாந்துச் சொல்லின் சாயல் உள்ளது.

‘அக்கார்ட்’ என்பது ‘அக்காடு’ ஆனதில் வியப்பில்லை. ஆங்கிலத்தின் விரிந்த ஓகார ஒலி, தமிழரும் மலையாளிகளும் செவிவழிப் பெற்ற பழைய கடன்சொற்களில் ஆகாரமாகவே அமைந்தது. ஆபீசு, ஆஸ்பத்திரி, காப்பி என்பன சான்று. மெய்ம்முன் ரகரம் கெடுதலும் ஈற்று டகரம் குற்றியலுகரம் பெறுதலும் லார்டு என்பது லாடு ஆனதிற் போல இயல்பானவை. இடைநின்ற னகரம் ணகரமாதலுக்கு அணா என்னும் சொல்லை ஒப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆங்கிலச் சொல்லில் தற்செயலாக அமைந்த ககர இரட்டிப்பு, பனங்காடு, முட்காடு போன்றவற்றுக்கு அடுத்ததாக மாணிக்காடு, வேலிக்காடு என்பன போன்ற வலிமிகு தொகைகளோடு இச்சொல்லைச் சேர்த்துவிட்டது. சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் மக்கள் மனம் ‘-க்காடு’ என்பதைப் பெற்றவுடன் நிறைவடைந்தது. பின்னர் ஆங்கிலத்தில் எழுதியோரும் மக்கள் ஒலிப்பையே பின்பற்றிப் பழைய எழுத்துக்கூட்டை மாற்றிக்கொண்டனர். உரிமையாளர் வைத்த பெயரைத் தொழிலாளரும் சுற்றுவட்டாரத்தாரும் தம் மொழிக்குள் இழுத்துக்கொண்டதற்கு இது அரிய சான்று. மெர்ச்சிஸ்டன் அவ்வாறு உருமாறவில்லை. அதன் ஒலியமைப்பில் பற்றிக்கொள்ளத் தக்க தமிழ் அல்லது மலையாள உறுப்பு இல்லாமையே காரணமாகலாம்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து போணக்காட்டுத் தோட்டம் நலிவுற்றது. கூலி நிலுவையில் நின்றது, தொழிற்சாலை மூடப்பட்டது. மக்களிற் பெரும்பாலோர் வேலை தேடி இறங்கினர். சில குடும்பங்கள் மட்டும் சிதைந்த குடியிருப்புகளில் தங்கிவிட்டன. துருப்பிடித்த இயந்திரங்களும் மேலாளர் பங்களாவின் சுவர்களும் பயணிகளை ஈர்க்கின்றன. அந்தப் பங்களாவைப் பற்றிப் பேய்க்கதை ஒன்று பரவலாக வழங்குகிறது. வீட்டுக்கு உரியவன் துரையாக இருந்தால் அவன் வீட்டுப் பேய்க்கும் புகழ் உண்டு போலும். நூற்றுக்கணக்கானோர் பிறந்து இறந்த தொழிலாளர் குடியிருப்பைக் குறித்து அவ்வாறு ஒரு கதையும் நகரத்தை எட்டவில்லை.

லயம்

அத்தொழிலாளர் குடியிருப்பின் பெயர் லயம். படைவீரர், காவலர் ஆகியோரின் வரிசை வீடுகளைக் குறிக்க இந்திய ஆங்கிலத்தில் வழங்கிய ‘லைன்ஸ்’ என்னும் சொல் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கும் ஆகி, தமிழில் லைன், லயன், லயம் என்ற வடிவங்களைப் பெற்றது. நெல்லைப் பகுதித் தோட்டங்களில் லைன் என்பதும், இலங்கை மலையகத்தில் லயன், லயம் என்ற இரண்டும், கேரளத்தில் லயம் என்பதும் வழங்குகின்றன. லயன் லயமாகியது நிலன்–நிலம், நலன்–நலம் ஆகியவற்றில் காணப்படும் பழைய மகர னகர மாற்றத்தை நினைவூட்டும். ஆனால் இலக்கண நூல் கூறும் மாற்றம் இதற்கு நேர்க்காரணம் ஆகாது. பேச்சுத் தமிழில் ஈற்று மெல்லெழுத்து மூக்கொலி உயிராகக் கரைந்துவிடுகிறது. கரைந்த சொல்லை மீண்டும் எழுத்தில் நிறுத்தும்போது அஃறிணைப் பெயர்களில் மிகுதியாக வரும் மகர ஈறே இயல்பாகத் தோன்றும். ஒடுக்கம் என்னும் பொருளுடைய வடசொல் லயத்தோடு இதற்கு உறவில்லை. ஒலி ஒற்றுமை தற்செயலே.

மலைத் தோட்டப் பேச்சில் இத்தகைய சொற்கள் பல. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும் இடம் பெரட்டுக்களம். இதன் முற்பகுதி ‘பரேடு’ என்பதன் திரிபு. செடியைத் தறித்து மட்டப்படுத்துதல் கவாத்து. படைப்பயிற்சிக்கும் இதே சொல் வழங்கியது. லைன், பெரட்டு, கவாத்து ஆகிய மூன்றிலும் பாசறையின் வாடை வீசுவது எண்ணத்தக்கது. இலங்கை மலையகத்தில் லயத்து அறை காம்பரா. குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக்காம்பரா. காம்பரா போர்த்துகீசியச் சொல். ‘மலை’ என்பதே அங்குப் பொருள் சுருங்கி, கொழுந்து பறிக்கும் ஒரு பகுதியைக் குறித்தது. ஆங்கிலப் பெயர் பெற்ற ஒவ்வொரு தோட்டத்துக்கும் தொழிலாளர் வேறொரு தமிழ்ப் பெயர் வழங்கினர். அப்பெயர்களை அறியாமல் ஆட்களைச் சேர்க்கவோ அனுப்பவோ இயலாத நிலை இருந்தமையால், 19-ஆம் நூற்றாண்டு இலங்கைக் கையேடுகள் அவற்றைப் பட்டியலிட்டு அச்சிட்டன. தொழிலாளர் மீது கொண்ட அக்கறையால் அன்று, நிருவாகத் தேவையால் பிறந்த பட்டியல்கள் அவை. எனினும் மொழி ஆய்வுக்கு இன்று பெருந்துணை. தென் திருவிதாங்கூர்த் தோட்டங்களுக்கும் அத்தகைய பட்டியல் இருந்திருப்பின் இக்கட்டுரையின் பல பகுதிகள் வேறுவிதமாக அமைந்திருக்கும்.

இலங்கை வழக்கு இப்பகுதிக்குப் புறம்பானதன்று. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியக் குடியுரிமை பெற்றுத் திரும்புவதென முடிவாயிற்று. அவ்வாறு வந்தோருக்கு வேலை அளிக்கவே 1976-இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வு ரப்பர்த் தோட்ட நிறுவனம் தொடங்கப்பட்டது. அகத்தியமலைக்கு வடக்கே குளத்துப்புழைக் காடுகளில் மலையகத் தமிழ் இன்றும் கேட்கக் காரணம் இதுவே. காலியான ஒரு மலையிலிருந்து பெயர்ந்த சொற்கள் வேறொரு மலையில் வேர்கொண்டன.

லயத்தின் வரலாற்றை நிருணயித்தது அதன் சட்டநிலை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கு வீடளிப்பதை முதலாளியின் கடமையாக்கியது. அது பெரிய பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனால் வீடு வேலையோடு பிணைந்தது. வேலை நின்றால் வீடு நிற்காது. அறுபது ஆண்டு அவ்வீட்டில் வாழ்ந்த குடும்பமும் ஓய்வு பெற்றதும் ‘இறங்க’ வேண்டும். மலைத் தோட்டத் தமிழில் இறங்குதல் என்பது சரிவில் கீழே வருதலை மட்டும் குறிப்பதன்று. வேலையும் வீடும் ஒருங்கே முடிதலைக் குறிப்பது. நத்தம் என்ற நிலவகையே லயத்துக்கு இல்லை. எனவே குடி நீங்கிய பின் நத்தமேடு என்று சொல்லவும் அங்கே ஒன்றும் எஞ்சுவதில்லை.

இயற்கைச் சீற்றம் இந்நிலையைச் சில நொடிகளில் வெளிப்படுத்தியது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களிற் பலர் கயத்தாற்று வட்டாரத்தைப் பூர்வீகமாக உடைய தமிழர். இறந்தோரின் உறவினர் ஊர் எது என்று வினவியபோது சமவெளிச் சிற்றூர்களின் பெயர்கள் கூறப்பட்டன. தலைமுறைகளாக வாழ்ந்த இடம் ஊர் எனப்படவில்லை.

மாஞ்சோலை

அகத்தியமலையின் கிழக்குச் சரிவில், தாமிரபரணி நீர்ப்பிடிப்புப் பகுதியில், இதே வரலாறு அண்மையில் வேறொரு முடிவை எட்டியுள்ளது. சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய காட்டில் 8,373.57 ஏக்கர் நிலம் 1929 பிப்ரவரி 12-ஆம் நாள் பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையாக வழங்கப்பட்டது. காடு திருத்தப்பட்டுத் தேயிலையும் காப்பியும் நடப்பட்டன. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற குடியிருப்புகள் எழுந்தன. திருநெல்வேலிப் பகுதியின் ஒடுக்கப்பட்ட மக்களே தொழிலாளருள் பெரும்பகுதியினர். திருவிதாங்கூரிலிருந்து மலையேறி வந்தோரும் இருந்தனர்.

மேற்குச் சரிவில் ஸ்காட்லாந்தின் பெயர்கள். கிழக்குச் சரிவில் தமிழ்ப் பெயர்கள். இவ்வேறுபாடு கருதத்தக்கது. மேற்கில் தனித் தோட்டக்காரர் தம் பிறந்த மண்ணை மலைக்குப் பெயராகச் சூட்டினர். கிழக்கில் அறுபது ஆண்டு பிந்தி வந்த நிறுவனம் வழக்கிலிருந்த பெயர்களோடு நின்றது. நாலுமுக்கு என்பதில் உள்ள முக்கு, சந்திப்பையும் மூலையையும் குறிக்கும் நெல்லை வழக்கு. திருவனந்தபுரத்திலும் கொல்லத்திலும் உள்ள பள்ளிமுக்கு முதலிய பெயர்களில் இதே சொல் உள்ளது. மலையின் இருபுறமும் ஒரே சொல் வழங்குவதால், மாநில எல்லை மொழி எல்லையாக அமையவில்லை என்பது தெளிவு. ஊத்து என்பது ஊற்று என்பதன் பேச்சு வடிவம். அரசு ஆவணங்களும் அதனை ஊற்று என்று திருத்த முற்படாதது நன்று. சோலை என்பது மலையுச்சி மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் பசுங்காட்டைக் குறிக்கும் தமிழ்ச்சொல். உலகச் சூழலியலார் ‘ஷோலா’ என்று எழுதுவது இதனையே.

ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி 1952-இல் காடு அரசின் கைக்கு வந்தது, குத்தகை தொடர்ந்தது. களக்காடு, முண்டந்துறை என்ற இரு சரணாலயங்களும் இணைந்து 1988-இல் புலிகள் காப்பகமாயின. தோட்டம் காப்பகத்தின் நடுவே தீவாயிற்று. கூலி உயர்வு கோரியும் சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23-ஆம் நாள் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தைக் காவலர் தடியடியால் கலைத்தபோது, தாமிரபரணியில் இறங்கியோருள் 17 பேர் உயிரிழந்தனர். மலைக் குடியிருப்பின் பெயர் தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டது இத்துயரத்தால்தான். 2018-இல் சிங்கம்பட்டிக் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டின் நடுவில், குத்தகை முடிய ஏறத்தாழ மூன்றரை ஆண்டு எஞ்சியிருந்த நிலையில், நிறுவனம் 500-க்கு மேற்பட்ட தொழிலாளருக்கு விருப்ப ஓய்வை அறிவித்துத் தோட்ட வேலையை நிறுத்தியது. அரசே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்கவில்லை.

இவ்வழக்குகளோடு 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டமும் பேசப்பட்டது. பழங்குடியினர் அல்லாத மரபுவழி வனவாசிகள் உரிமை கோர, 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்து அதனைச் சார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். கணக்கிட்டால் 1930 டிசம்பர் ஆகிறது. குத்தகை எழுதப்பட்டது அதற்கு 22 மாதம் முன்பு. எண்ணிக்கை இவ்வளவு நெருங்கி அமைந்தபோதும், ஆண்டுக்கணக்கு மட்டும் வழக்கைத் தீர்ப்பதில்லை. காட்டைச் சார்ந்து வாழ்ந்தவரா, காட்டை அழித்து நடப்பட்ட தோட்டத்தில் கூலி பெற்று வாழ்ந்தவரா என்ற வினா எழுகிறது. புலிகள் காப்பகத்தின் நடுவில் காடு மீள்வதால் தாமிரபரணிக்கும் அதை நம்பிய சமவெளிக்கும் நன்மை உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் காடு மீள்வதற்கும் அங்கு வாழ்ந்தோரின் நினைவு அழிவதற்கும் கட்டாயத் தொடர்பு ஒன்றும் இல்லை. முன்னது நிலத்தைப் பற்றியது. பின்னது பதிவைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான், வரலாறு கேட்போர் காட்டுக்குப் பகைவராகவும் காட்டைக் காப்போர் மக்களுக்குப் பகைவராகவும் தோன்றுகின்றனர்.

பெயர்ப் பதிவேடு

போணக்காட்டுக்கும் மெர்ச்சிஸ்டனுக்கும் பெயர் தந்த ஸ்காட்லாந்திலேயே இதற்கு ஒப்புமை உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அந்நாட்டு மலைப்பகுதி நிலவுடைமையாளர் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் கேலிக் மொழி பேசிய குடியானவர்களை அவர்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். தம் மலைகளில் ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்த நாட்டிலிருந்து புறப்பட்டவர்கள், வேறொரு நாட்டு மலையைக் காலி நிலம் என்று பெற்றுத் தம் ஊர்ப்பெயரைச் சூட்டினர். எனினும் அங்கு ஒரு பணி நிகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு நில அளவைத் துறையினர் பெரிய அளவு வரைபடம் தயாரித்தபோது, ஒவ்வோர் இடத்துக்கும் உள்ளூரார் சொன்ன பெயர், அதன் வேறு வடிவங்கள், சொன்னவர் யார், இடத்தின் விளக்கம் ஆகியவற்றைப் பெயர்ப் பதிவேடுகளில் எழுதிவைத்தனர். கூரையிழந்த வீடுகளும் வரைபடத்தில் குறிக்கப்பட்டன. கேலிக் ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதியதில் பிழைகள் மலிந்துள்ளன. ஆனால் வெளியேற்றப்பட்டோரின் வழியினர் தம் முன்னோர் ஊரைத் தேடும்போது முதலில் நாடுவது அப்பதிவேடுகளையே.

அகத்தியமலையின் இரு சரிவுகளுக்கும் அத்தகைய பதிவேடு ஒன்றை இப்பொழுதே தொகுக்க வேண்டும். பெரிய குடியிருப்புகளின் பெயர்கள் ஒருவாறு பிழைத்துவிடும். குதிரைவெட்டியில் வனத்துறை விடுதி உள்ளது; நாலுமுக்கு வரைபடத்தில் உள்ளது. அழியும் நிலையில் உள்ளவை அவற்றினும் சிறிய பெயர்கள்: கங்காணியின் பெயரால் அறியப்பட்ட லயம், மேட்டு லயம், பணிய லயம், தண்ணீர் எடுத்த ஓடை, கொழுந்து நிறுத்த இடம், யானை கடக்கும் தடம், பிள்ளைகளைப் புதைத்த சரிவு. இவற்றை ஒலிப்பதிவு செய்வதோடு, ஒரே இடத்துக்கு மேலாளர் எழுதிய எண், தொழிலாளர் வழங்கிய பெயர், காணிக்காரர் வழங்கிய பெயர் என்ற மூன்றையும் அருகருகே வைத்தல் வேண்டும். மூன்றாவது பெயரைத் தேடாத பதிவேடு, காணிக்காரருக்கு அளவையாளர் செய்ததையே மீண்டும் செய்வதாகும். லயங்களில் பிறந்தோர் இன்று நெல்லைச் சமவெளியிலும் திருப்பூர் ஆலைகளிலும் திருவனந்தபுரத்துப் புறநகர்களிலும் சிதறியுள்ளனர். இடத்தை நேரிற் கண்டு பெயர் சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர்.

தெய்வங்களின் இடங்களையும் இப்பதிவேட்டில் சேர்த்தல் வேண்டும். மலைத் தோட்டங்களில் வழிபாடு வேலையோடு பின்னியது. இலங்கை மலையகத்தில் தொழிற்சாலைச் சக்கரத்தின் அருகே ரோதைமுனியையும், செடி தறிக்கும் பருவத்தில் கவாத்துச்சாமியையும் வணங்கினர். ரோதை சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல். முனி கிராமத் தெய்வம். நெல்லையிலிருந்து மலையேறியோர் சுடலைமாடனையும் அம்மனையும் உடன் கொண்டு சென்றனர். வீடு நிறுவனத்தினுடையது, நிலம் அரசினுடையது. பீடம் மட்டும் தொழிலாளர் தம் கையால் எழுப்பியது. மலைத்தோட்டக் குடியிருப்பில் அவர்களுக்கே உரிய கட்டடம் என்று சொல்லத்தக்கது அதுவே. பங்களாவை மரபுச் சின்னமாகக் காக்க எண்ணுவோர் பீடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

மாஞ்சோலைக்கு வடக்கே, காரையாற்றுக் காட்டினுள், சொரிமுத்து ஐயனார் கோயில் உள்ளது. சுற்றிலும் ஊர் இல்லை, புலிகள் காப்பகம். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஆடி அமாவாசைக்குத் தென்மாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் அங்கே கூடுகின்றனர். வனத்துறை நாள்களை வரையறுத்து வழிவிடுகிறது. விழா முடிந்ததும் கூட்டம் இறங்கிவிடுகிறது. குடியிருப்பு இல்லாத இடத்தோடு குடிகள் உறவு வைத்திருக்க முடியும் என்பதற்கு அப்பகுதியிலேயே உள்ள நடைமுறை இது. ஊத்திலும் நாலுமுக்கிலும் போணக்காட்டிலும் உள்ள சிறு பீடங்களுக்கு ஆண்டில் ஒரு நாள் சென்றுவர அவ்வாறே ஒழுங்கு செய்தால், அந்த ஒரு நாளில் வழியெங்கும் பெயர் சொல்லி நடப்போரிடமிருந்து பதிவேட்டின் பெரும்பகுதியை எழுதிக்கொள்ளலாம்.